நாய் உள்ள வீட்டுக்கு எந்தக் காபெட்?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டில் இரண்டு நாய்கள். மூத்தவனுக்கு வயது போய்விட்டது, டைல்ஸில் கால் வழுக்கி எழும்பக் கஷ்டப்படுகிறான். ஹோல் முழுக்கக் காபெட் ஒட்டலாமா? எந்த வகை நல்லது?"

காபெட் போடுங்கள், ஆனால் ஒட்ட வேண்டாம். திருகோணமலையில் ஐப்பசி பிறந்தால் மாரிதான், தை வரைக்கும் காற்றிலேயே ஈரம் நிற்கும். ஒட்டிய காபெட்டில் நாய் சலம் விட்டால் மேற்பரப்பைத்தான் துடைக்கலாம். அடியில் உள்ள பஞ்சு குடித்தது அங்கேயே கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த பிறகும் ஒரு ஆள் தனியாகக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய துண்டுகளாக வாங்குங்கள். படுக்கும் இடம், சாப்பாட்டுக் கோப்பை, வாசல், இவற்றுக்கிடையே நாய்கள் நடக்கும் வழியில் நீள விரிப்புகள் போட்டாலே போதும்.

எங்கள் ஊருக்குப் பொலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூல்தான் சரி. அது தண்ணீரைக் குடிக்காது, சீக்கிரம் காயும், சாயம் பெரும்பாலும் நூலுக்குள்ளேயே சேர்ந்திருப்பதால் லேசில் வெளுக்காது. நைலோன் இன்னும் உறுதி, மிதிபட்டாலும் நிமிரும், ஆனால் கொஞ்சம் ஈரம் இழுக்கும். கம்பளிக்கு நாய்ச் சலம் ஆகாது, கறை நின்றுவிடும். சணல் பார்க்க அழகுதான், நனைந்தால் பழுப்பேறி இற்றுப்போகும்.

கடைக்காரர் சொல்வதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்ட தண்ணீர்க் கிளாஸில் போட்டு, காற்றுக் குமிழி போக விரலால் அமத்துங்கள். பொலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட இலேசானது, மறுபடி மேலே வந்து மிதக்கும். நைலோனும் பொலியெஸ்டரும் அடியில் போய்க் கிடக்கும்.

அடுத்தது நெசவு. வளையம் வளையமாக நிற்கும் காபெட்டை வாங்காதீர்கள். நகம் ஒரு வளையத்தில் மாட்டினால் வரிசையே உருவிக்கொண்டு வரும், பயந்து இழுக்கும் நாயின் நகமும் பிய்ந்துபோகலாம். மேல் நுனி வெட்டப்பட்ட, குட்டையான, நெருக்கமான வகை நல்லது. மூலையை மடித்துப் பாருங்கள்: மடிப்பில் அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் நெசவு ஐதானது, கடற்கரை மணல் உள்ளே இறங்கி நூலை அறுக்கும். நிறத்தை நாயின் மயிருக்குக் கிட்டவாக எடுங்கள். விரிப்பே சறுக்கினால் வேலையில்லை, அதனால் அடியில் தனியாக ஒரு இறப்பர் வலை போடுங்கள்.

சலம் விட்டால் தேய்க்கக்கூடாது. பழைய துவாயைப் போட்டு ஏறி மிதித்து உறிஞ்ச விடுங்கள், பிறகு பச்சைத் தண்ணீர், அதற்குப் பிறகு செல்லப்பிராணிக் கறைக்கென்று விற்கும் என்சைம் திரவம். சலத்தின் மிச்சம் தண்ணீரில் மட்டும் முழுதாகப் போகாது. காய்ந்து கிடந்துவிட்டு மாரி ஈரம் பட்டதும் மறுபடி மணக்கும், அந்த மணத்துக்கு நாய் அதே இடத்துக்கு வரும். என்சைம்தான் அதை உடைக்கும், போத்தலில் சொன்ன நேரம் ஊற விட வேண்டும். அமோனியா கலந்த திரவம் வேண்டவே வேண்டாம், நாய்க்கு அதுவும் சலம் மாதிரித்தான் மணக்கும். கழுவிய விரிப்பைக் கொடியில் காற்றுப்பட விடுங்கள். நெடுங்காலம் கடும் வெயிலில் கிடந்தால் பொலிப்ரொப்பிலீன் நொறுங்கும்.

தெள்ளு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். அதன் முட்டைகள் நாயிலிருந்து உதிர்ந்து காபெட்டுக்குள் விழுகின்றன, கூட்டுக்குள் இருக்கும் பருவம் மாதக்கணக்கிலும் தாக்குப்பிடிக்கும். விரிப்புகளை வாராவாரம் வெளியே உதறி, அடித்தரையையும் துடையுங்கள். இரண்டு நாய்க்கும் ஒரே நாளில், மிருக வைத்தியர் சொல்லும் மருந்தைப் போடுங்கள்.

மூத்தவனின் நகத்தையும் பாதத்து இடுக்கு மயிரையும் வெட்டிவிடுங்கள், பாதி வழுக்கல் அதிலேயே குறையும். இப்போதைக்கு ஒரு துண்டுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் அவன் படுத்து எழும்பும் இடத்தில் போடுங்கள். பின்னங்காலை ஊன்றி உந்தும் அந்த நேரத்தில்தான் அவனுக்குப் பிடிமானம் அதிகம் தேவை.