பாலியல் வழக்கில் பெயர் சேர்ந்துவிட்டால்: வாசகர் கேள்விகளுக்கு வக்கீலின் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான். வீட்டில் ஒருவர் மேல் பாலியல் புகார், அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் பல வருடமாகக் குற்றவியல் பக்கம்தான் நிற்கிறேன், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடியிருக்கிறேன், பாதிக்கப்பட்ட பெண்களோடு கோர்ட் வராண்டாவில் மணிக்கணக்கில் காத்திருந்தும் இருக்கிறேன். என் அனுபவத்தில், குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வழக்கு கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் இரண்டு நாளில், பதற்றத்தில் செய்கிற காரியங்களால்தான். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

கேள்வி: ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. என் மேல் ஒரு பெண் புகார் கொடுத்திருக்கிறாராம், "சும்மா வந்துட்டுப் போங்க" என்கிறார்கள். போகலாமா?

போகாமல் இருக்கக் கூடாது, தனியாகவும் போகக் கூடாது. முதலில் ஒரு வக்கீலைப் பார்த்து எஃப்.ஐ.ஆர் பதிவாகிவிட்டதா, என்ன பிரிவு என்பதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர்-களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னபோதே பாலியல் வழக்குகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டது, அதனால் நீங்கள் ஆன்லைனில் தேடினால் கிடைக்காது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் என்ற முறையில் ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ மனு போட்டு நகல் வாங்கலாம்.

பிரிவு தெரிந்தால்தான் அடுத்த அடி எடுத்துவைக்க முடியும். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றமென்றால், கைது தேவையில்லை என்று போலீஸ் கருதும் பட்சத்தில் பி.என்.எஸ்.எஸ் (கைது, விசாரணை, ஜாமீன் நடைமுறைகளைச் சொல்லும் சட்டம்) 35(3)-ன் கீழ் நோட்டீஸ் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும். பி.என்.எஸ் (குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் சட்டம்) 64, அதாவது பாலியல் வன்கொடுமை என்றால் தண்டனை பத்து வருடத்திலிருந்து தொடங்குகிறது, கைதுக்கு வாய்ப்பு அதிகம், அதனால் ஸ்டேஷன் வாசலை மிதிக்கும் முன் முன்ஜாமீன் பற்றிப் பேசியாக வேண்டும். பதினாறு வயதுக்குட்பட்ட சிறுமி மீதான வன்கொடுமை, பதினெட்டுக்குட்பட்ட பெண் மீதான கூட்டு வன்கொடுமை, இந்த இரண்டுக்கும் முன்ஜாமீன் கிடையாது என்று பி.என்.எஸ்.எஸ் 482-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

விசாரணையில் உங்களுக்கு எதிராகவே நீங்கள் சாட்சி சொல்ல வேண்டியதில்லை, அரசியலமைப்பின் 20(3) தரும் உரிமை அது. விசாரணை நேரம் முழுக்க வக்கீல் பக்கத்தில் உட்கார முடியாது, ஆனால் இடையில் அவரைச் சந்திக்கலாம். வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள், யார் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும்.

கேள்வி: சார், என் மகனுக்கு 19 வயது. 17 வயதுப் பெண்ணோடு காதல், இரண்டு பேரும் சேர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். பெண் வீட்டார் போக்சோ கேஸ் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணே "நானாகத்தான் போனேன்" என்கிறாள். அப்போது கேஸ் நிற்காதுதானே?

நிற்கும் அம்மா. இதை மெதுவாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தில், பதினெட்டுக்குக் கீழே எல்லோரும் குழந்தைதான், அந்தப் பெண்ணின் சம்மதத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. உடலுறவு நடந்திருக்கிறது என்று நிரூபணமானால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே பத்து வருடம், பெண் கர்ப்பமாகியிருந்தால் குறைந்தபட்சம் இருபது. போதாததற்கு 29-ஆம் பிரிவு, அடிப்படை விஷயங்களை அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால் குற்றம் நடந்ததாகவே அனுமானித்துக்கொண்டு, இல்லையென்று காட்டும் பாரத்தை உங்கள் மகன் தலையில் வைக்கிறது.

இந்த மாதிரிக் காதல் வழக்குகளைப் பற்றி நீதிமன்றங்களுக்கும் மனக்குறை இருக்கிறது. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படி ஒரு வழக்கை ரத்து செய்தார், விடலைக் காதலைத் தண்டிக்க வந்த சட்டமில்லை இது என்ற பார்வையில். அதை மட்டும் கேள்விப்பட்டு நம்பிக்கையோடு வருகிறவர்கள் நிறைய. ஆனால் இப்படி ஒரு வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் விடுவித்த ஒருவருடைய குற்றத் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட் 2024 ஆகஸ்டில் மீண்டும் உறுதி செய்தது. 2025 மே மாதம்தான், அந்தப் பெண்ணின் நிலைமையைப் பார்த்து, அரசியலமைப்பின் 142 தரும் சிறப்பு அதிகாரத்தில் தண்டனை அனுபவிக்க வேண்டாம் என்று விட்டார்கள். அதற்குள் அந்தப் பெண் பட்ட பாடு கொஞ்சமா! ஆகவே ரத்து மனு ஒரு வழி, உறுதியான வழி இல்லை.

நீங்கள் உடனே கவனிக்க வேண்டியது வயது. ஒரு வழக்கில் பெண்ணுக்கு 17 என்பதற்கு அரசுத் தரப்பு வைத்திருந்தது பள்ளி டி.சி ஒன்று மட்டும். மடித்து மடித்து நடுவில் கிழிந்து, பின்னால் செலோடேப் ஒட்டிய தாள். பிறந்த தேதிக் கட்டத்தில் நாளும் மாதமும் ஒரு மையில், வருடம் இன்னொரு மையில். சிறார் நீதிச் சட்டம் 94-ஆம் பிரிவு வரிசை போட்டுச் சொல்கிறது: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து தந்த பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. வெறும் டி.சி இதில் சேராது என்று 2023 ஜூலையில், நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பெண்ணுக்கு உண்மையிலேயே பதினேழுதான் என்றால் இதைப் பிடித்துத் தொங்கிப் பயனில்லை, ஆனால் ஆவணத்தைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். உங்கள் மகனின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். சம்பவ நாளில் அவனுக்குப் பதினெட்டு நிறையவில்லை என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், கதையே வேறு.

அப்புறம் ஒன்று. அந்தப் பெண்ணை இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று யாரும் நெருக்கக் கூடாது. அவளும் ஒரு குழந்தைதான், இரண்டு வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

கேள்வி: பெரிய மனிதர்களை வைத்துப் பேசி, பணம் கொடுத்து முடித்துக்கொள்ளலாமா?

கூடாது. சமரசம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் பாலியல் வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது, அது ஒரு ஆசிரியர் மேல் வந்த வழக்கு. ஜாமீன் கேட்கிறவரை ராக்கி கட்டிக்கொள்ளச் சொன்ன ஓர் உத்தரவையும் 2021-ல் தூக்கி எறிந்தார்கள், பாதிக்கப்பட்டவரைச் சந்திக்க வைக்கிற நிபந்தனை எதுவும் ஜாமீனில் இருக்கக் கூடாது என்றார்கள். நீங்கள் ஆள் அனுப்பினால் அது சாட்சியை மிரட்டியதாகப் பதிவாகும், கிடைத்த ஜாமீனும் போகும். பஞ்சாயத்து பேசுகிறேன் என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பயத்தில் போனை ஃபார்மேட் செய்துவிட்டேன். அதில் இருந்த சாட் எல்லாம் எனக்குச் சாதகமானவை.

இதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. சாதகமானது போய்விட்டது, அதோடு தடயத்தை மறைத்தார் என்று பி.என்.எஸ் 238 சேர்க்கவும் இடம் கொடுத்துவிட்டீர்கள். இனிமேல் அந்த போனைத் தொடாதீர்கள், எதையும் மீட்கிறேன் என்று கடையில் கொடுக்காதீர்கள், அப்படியே வக்கீலிடம் சொல்லுங்கள். கிளவுட் பேக்கப் இருந்தால் அதை அழிக்காதீர்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். ஒருவர் ஸ்க்ரீன்ஷாட்டுகளைப் பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஹைலைட்டர் அடித்து, பைண்டு பண்ணிக் கொண்டுவந்தார். பக்கங்களைப் புரட்டினால் அவர் அனுப்பிய செய்திகள் பாதி இல்லை, தனக்கு இடைஞ்சலானவற்றை வெட்டிவிட்டார். எதிர்த்தரப்பிடமும் அதே சாட் இருக்கும் என்பது ஏன் தோன்றுவதில்லை? முழு உரையாடல் வேண்டும், மூல போன் வேண்டும், 2023-ன் புதிய சாட்சியச் சட்டம் 63-ன் கீழ் மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் வேண்டும். வெட்டிய காகிதம் குறுக்கு விசாரணையில் உங்களையே கடிக்கும்.

கேள்வி: நான்கு வருடம் பழகினோம். ஜாதகம் பொருந்தவில்லை என்று வீட்டில் மறுத்துவிட்டார்கள். இப்போது கல்யாணம் செய்வதாக ஏமாற்றினேன் என்று புகார்.

பி.என்.எஸ் 69, பத்து வருடம் வரை தண்டனை. கேள்வி ஒன்றுதான்: வாக்குக் கொடுத்த அன்றே உங்களுக்குக் கல்யாணம் செய்யும் எண்ணம் இருந்ததா, இல்லையா? ஆரம்பத்திலேயே பொய்யான வாக்கு வேறு, உண்மையாகக் கொடுத்துப் பிறகு காப்பாற்ற முடியாமல் போனது வேறு என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட் பிரித்துக் காட்டியிருக்கிறது. வீட்டில் பேசியது, பெண் பார்க்கப் போனது, ஜாதகம் கொடுத்து வாங்கியது, எல்லாவற்றுக்கும் தேதியோடு ஆதாரம் சேருங்கள். ஆனால் ஜாதகத்தை முதலிலேயே பார்த்துப் பொருந்தாது என்று தெரிந்துகொண்டே நம்பிக்கை கொடுத்துப் பழகியிருந்தால், உங்கள் நிலை பலவீனமானது. அதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: பொய்ப் புகார் சார் இது. அந்தப் பெண்ணின் போட்டோவைப் போட்டு ஃபேஸ்புக்கில் உண்மையை எழுதலாமா?

எழுதினால் உங்கள் மேல் இரண்டாவது வழக்கு வரும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பி.என்.எஸ் 72-ல் இரண்டு வருடம் வரை, குழந்தையென்றால் போக்சோ 23 தனி. புகார் பொய் என்பதைச் சொல்ல வேண்டிய இடம் கோர்ட். அங்கேயும் அவருடைய பழைய உறவுகளைக் கிளறிச் சம்மதத்தை நிரூபிக்கச் சட்டம் விடாது, அதைச் செய்கிறேன் என்று வாக்களிக்கும் வக்கீலிடம் போகாதீர்கள்.

கேள்வி: அண்ணன் ஜெயிலில் இருக்கிறான். வக்கீல் வைக்கக் காசில்லை. எங்கள் ஊர் வக்கீல்களும் இந்தக் கேஸை எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

காவலில் இருக்கிற யாருக்கும், வருமானம் பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். சிறையிலிருந்தே மனு எழுதியும் கொடுக்கலாம். இன்ன வழக்கில் யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கங்கள் போடும் தீர்மானம் செல்லாது என்று 2010-ல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது, ஆகையால் தயங்காமல் கேளுங்கள்.

கைதான தேதியைக் குறித்து வையுங்கள். பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்துக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் ஜாமீன் உரிமையாகிவிடும், ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் மனு போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் தாமதத்தில் இதை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பெயர் வேண்டாம். நான் தப்பு செய்தது உண்மை. வக்கீலிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள். சொல்லத்தான் வேண்டும். நீங்கள் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியிட முடியாது, சாட்சியச் சட்டம் 132 அதைக் காக்கிறது. இனி செய்யப்போகிற குற்றத்துக்கு உதவி கேட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. உண்மை தெரிந்த வக்கீல் பொய்ச்சாட்சி கட்ட மாட்டார், ஆனால் எஃப்.ஐ.ஆரில் இருப்பது முழுக்க நடந்ததா, பிரிவு பொருந்துகிறதா, தண்டனையில் என்ன சொல்லலாம் என்பதை உங்களுக்காகப் பார்ப்பார். குற்றத்தை ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பதை அவரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள், ஸ்டேஷனில் ராத்திரி பதினொரு மணிக்கு எடுக்காதீர்கள். அந்தப் பெண்ணுக்கு மன்னிப்பு கேட்டு மெசேஜ் அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். உங்கள் மனம் ஆறுவதற்காக அவர் மறுபடி உங்கள் பெயரைத் திரையில் பார்க்க வேண்டியதில்லை.