சொத்தை இல்லையென்றாலும் ஈறைப் பாருங்கள்

டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) உள்ள குழந்தைகளின் பல், ஈறு பற்றிக் கடலூர், புதுச்சேரி வட்டார வாசகர்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

பையனுக்கு ஒன்றேகால் வயது தாண்டிவிட்டது. ஒரு பல்கூட முளைக்கவில்லை. வராமலே போய்விடுமா?
– ஒரு தாய், முதலியார்பேட்டை

வரும் அம்மா, பயப்படாதீர்கள். இந்தக் குழந்தைகளுக்கு முதல் பல் ஒரு வயதுக்கு மேல், சிலருக்கு இரண்டு வயதை ஒட்டி முளைப்பது வழக்கம்தான். கீழ் முன்பல்தான் முதலில் வரவேண்டும் என்றும் இல்லை, கடைவாய்ப்பல் முந்திக்கொள்வதும் உண்டு. பால் பற்கள் இருபதும் வந்து முடிய நாலைந்து வயதாகலாம். ஆறு வயதில் வரவேண்டிய நிரந்தரப் பல்லும் எட்டு, ஒன்பது வரை தள்ளிப்போகும்.

சில பற்கள் பிறவியிலேயே இல்லாமலும் இருக்கும். மேல்வரிசையில் நடு முன்பல்லுக்கு அடுத்த பல் அப்படி இல்லாமல் போவது அதிகம். அதனால் பின்னாளில் பால் பல் விழவில்லை என்று யாராவது பிடுங்கச் சொன்னால், முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அடியில் புதுப் பல் இல்லாத இடத்தில் அந்தப் பால் பல்லே பல வருஷம் உழைக்கும்.

இப்போதைக்கு, இரவுப் பாலுக்குப் பிறகு ஈரத்துணி சுற்றிய விரலால் ஈறைத் துடைத்துவிடுங்கள். வாய்க்குள் விரல் பழகிய குழந்தை பிரஷ்ஷுக்குச் சீக்கிரம் பழகும்.

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குச் சொத்தையே வராது என்றார்கள். என் ஆறு வயது மகளுக்கு மேல் முன்பற்கள் இரண்டு பழுப்பாகிவிட்டன. எது உண்மை?
– வாசகி, கடலூர் முதுநகர்

அந்தப் பேச்சுக்குக் காரணம் இருக்கிறது. பல் தாமதமாக முளைப்பதால் அது வாயில் இருக்கும் காலம் குறைவு. பற்கள் சிறியவை, இடைவெளி விட்டு நிற்பவை. எனவே சில ஆய்வுகளில் சொத்தை குறைவாகத் தெரிந்தது. ஆனால் எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. அதை நம்பிக் கவனிக்காமல் விட்டுவிடுவதுதான் ஆபத்து.

சொத்தை வரவைக்கும் காரணங்களையும் பாருங்கள். மூக்கு வழி குறுகலாக இருப்பதால் குழந்தை வாயால் மூச்சு விடும், எச்சில் காய்ந்துபோகும். நாக்கும் கன்னமும் தளர்வாக இருப்பதால் சாப்பிட்டது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அப்படியே தங்கும். டிபன் கொடுத்து அரைமணி கழித்து மகளின் கன்னத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். டீயில் நனைத்த பிஸ்கட்டும் ரஸ்க்கும் மாவாக ஒட்டிக்கொண்டிருக்கும். அடிக்கடி சளி பிடிப்பதால் கொடுக்கும் சிரப்புகளில் பெரும்பாலானவற்றில் சர்க்கரை இருக்கிறது. படுக்கப்போகும் நேரத்தில் சிரப்பைக் கொடுத்து அப்படியே தூங்கவிட்டால் இரவு முழுக்கச் சர்க்கரை பல்லில் ஊறும். மருந்தைப் பல் தேய்ப்பதற்கு முன் கொடுங்கள். சர்க்கரை இல்லாத வகை கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பழுப்பு நிறம் ஈறை ஒட்டித் தொடங்கியிருந்தால் சொத்தையாக இருக்க வாய்ப்பு அதிகம். பால் பல்தானே, விழுந்துவிடும் என்று விடாதீர்கள். இவளுக்கு அந்தப் பல் இன்னும் இரண்டு மூன்று வருஷம் நிற்கலாம். வலியோ வீக்கமோ இல்லாத சொத்தைக்கு 38 சதவீத சில்வர் டைஅமின் ஃப்ளோரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைப்பார்கள். டிரில் இல்லை, ஊசி இல்லை. சொத்தை அடங்கும், ஆனால் அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல் என்பதால் யோசித்து முடிவெடுங்கள். மற்றப் பற்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லில் பூசும் ஃப்ளோரைடு வார்னிஷ் போதும்.

மகனுக்கு 9 வயது. பிரஷ் வைத்தால் கடித்துக்கொள்கிறான், நாக்கால் தள்ளுகிறான். எப்படித் தேய்ப்பது?
– தந்தை, பண்ருட்டி

வாஷ்பேசின் முன் நிற்கவைத்து எதிரே நின்று தேய்க்கிறீர்களா? அப்படி நின்றால் உங்களுக்கு உள்பக்கம் தெரியாது, அவனும் தலையை ஆட்டுவான். பாயில் படுக்கவைத்து அவன் தலையை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் வாய்க்குள் விழவேண்டும். ஒன்று கவனம்: தலையைப் பின்னால் அதிகமாகச் சாய்க்காதீர்கள், திருகாதீர்கள். இவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்வாக இருக்கும்.

சிறு தலையுள்ள, மிருதுவான பிரஷ் இரண்டு வாங்குங்கள். ஒன்றின் கைப்பிடியில் சுத்தமான துணியைச் சுற்றி ஒரு பக்கக் கடைவாயில் கடிக்கக் கொடுங்கள். அவன் அதைக் கடித்திருக்க, மறுபக்கம் திறந்து கிடைக்கும். இடது ஆள்காட்டி விரலால் கன்னத்தை விலக்கி, பிரஷ்ஷைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்த்து வையுங்கள். முடியின் பாதி ஈறில் படவேண்டும். அழுத்தாமல் சிறு சிறு அசைவாக, ஓரிடத்தில் பத்து எண்ணும்வரை. பலர் பல்லின் நடுவை மட்டும் தேய்த்து ஈறோரத்தை விட்டுவிடுகிறார்கள். அழுக்கு சேர்வதோ அந்த ஓரத்தில்தான். வாந்தி உணர்வு வந்தால் முன்பல்லில் தொடங்கி மெல்லப் பின்னால் போங்கள்.

பேஸ்ட் பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். நுரை கூடினால்தான் பாதி பிள்ளைகள் ஓங்கரிக்கிறார்கள். மூன்று வயதுக்குள் என்றால் அரிசி மணி அளவு. டியூபில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். முடிந்ததும் துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கவேண்டாம். துப்பத் தெரியாவிட்டால் துணியால் துடைத்தெடுங்கள்.

காலையில் அவனே தேய்க்கட்டும். கைப்பிடி மெல்லியதாக இருந்தால் சைக்கிள் ஹேண்டில் கிரிப்பை அதில் மாட்டிவிடுங்கள், பிடிக்க வசதியாக இருக்கும். இரவு மட்டும் பெரியவர் கைதான். அவன் வளர்ந்த பிறகும் இதை விட்டுவிடாதீர்கள்.

மகளுக்கு 14 வயது, சொத்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் பல் தேய்த்தால் ரத்தம், கீழ் முன்பல் லேசாக ஆடுகிறது.
– வாசகி, பாகூர்

எங்களை அதிகம் கவலைப்படவைக்கும் கடிதம் இதுதான். இவர்களுக்குப் பல் போவது பெரும்பாலும் சொத்தையால் அல்ல, ஈறு நோயால். வெள்ளையணுக்கள் கிருமியை எதிர்ப்பதில் பின்தங்குவதால், கொஞ்சம் அழுக்குக்கே ஈறு அதிகமாக வீங்குகிறது. கீழ் முன்பற்களின் வேர் குட்டையாக இருப்பதால், சுற்றியுள்ள எலும்பு கொஞ்சம் கரைந்தாலே ஆட ஆரம்பித்துவிடும். இதில் வலி இருக்காது என்பதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

இந்த வாரமே காட்டுங்கள். பல்லில் படிந்து இறுகிய அழுக்கான காரையைச் சுரண்டி எடுக்க ஸ்கேலிங் செய்வார்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகவேண்டியிருக்கும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்பது தவறு, காரைதான் ஆட்டுகிறது. ரத்தம் வருகிறதென்று பிரஷ்ஷை நிறுத்தினால் நிலைமை மோசமாகும். குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொப்பளிக்கத் தெரியாதவர்களுக்கு அதை ஜெல்லாகப் பிரஷ்ஷில் தடவலாம், டாக்டர் சொல்லும் நாள்வரை மட்டும். நாள்பட்டால் பல்லில் கறை பிடிக்கும். பேஸ்ட்டுக்கும் அதற்கும் அரைமணி இடைவெளி விடுங்கள்.

ஈறில் ரத்தத்தோடு காரணமில்லாத காய்ச்சல், உடம்பில் நீலத் திட்டுகள், வெளிறிய முகம் இருந்தால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ரத்தப் புற்றுநோய் மற்றக் குழந்தைகளைவிட இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

இதயத்தில் ஓட்டை இருக்கும் பிள்ளைக்குப் பல் பிடுங்க, இதய டாக்டர் கடிதம் கேட்கிறார்கள். அவசியமா?
– நெய்வேலி வாசகர்

அவசியம் ஐயா. டவுன் சிண்ட்ரோமில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு உண்டு. பல் பிடுங்கும்போது வாய்க் கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தின் உள்ளுறையில் தங்கிவிடலாம். அதற்காக எல்லா ஓட்டைக்கும் முன்கூட்டியே கிருமித் தொற்றைத் தடுக்கும் மாத்திரை தேவையில்லை. உடல் நீலமாகும் வகைக் கோளாறு சரிசெய்யப்படாமல் இருப்பது, ஓட்டையைப் பேட்ச் வைத்து அடைத்து ஆறு மாதம் ஆகாதது, செயற்கை வால்வு, முன்பு இதே தொற்று வந்திருப்பது போன்றவற்றுக்குத்தான். அவர்களுக்குப் பொதுவாக அமாக்ஸிசிலின், எடை கிலோவுக்கு 50 மில்லிகிராம், சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிஷம் முன்பு ஒரே வேளை தருவார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். நீங்களாகக் கொடுக்கவேண்டாம்.

எங்கே காட்டலாம்?
– பலர்

புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம், அருகிலேயே ஜிப்மர். கடலூர்ப் பக்கத்தவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலைநகரில் பல் மருத்துவக் கல்லூரி. குழந்தைகள் பல் பிரிவு என்று கேட்டுப் போங்கள். எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட், தைராய்டு ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, மாற்றுத்திறனாளி அட்டை நான்கும் கையில் இருக்கட்டும். முதல் நாள் சிகிச்சை எதுவும் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்தாலே போதும் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பிள்ளை களைத்துப்போகும் மதிய நேரத்தைத் தவிர்த்துக் காலையில் முதல் ஆளாகப் போங்கள்.