எஞ்சின் உதறுகிறது, ஸ்க்ரூவைத் திருப்பலாமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"ஐயா, நானும் என் மச்சானும் மூன்று வருடமாக ஒரு பழைய அரிசி ஆலைக் கொட்டகையில் விமானம் கட்டி வருகிறோம். இரண்டு பேர் அருகருகே உட்காரும் இலகு விமானம். கிட்டாக வாங்கிப் பூட்டியது. எஞ்சின் ரோடாக்ஸ் 912 யூஎல்எஸ். நிமிடத்துக்கு 1,800 சுற்றிலிருந்து 2,500 வரை முழு விமானமும் உதறுகிறது. 4,000-க்கு மேல் வழவழவென்று ஓடுகிறது. பங்க் பெட்ரோல்தான் ஊற்றுகிறோம். கார்புரேட்டரில் ஐடில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை (மெதுவாக ஓடும்போது பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்வது) திருப்பிப் பார்க்கலாமா? எடை போட்டு முடித்துவிட்டோம். முன்சக்கரம் 62 கிலோ, இடது 119, வலது 117. எடை மையம் கையேட்டு எல்லைக்குள் இருப்பதால் அந்த வேலை முடிந்தது."

உங்கள் கேள்வி எஞ்சினைப் பற்றியது. ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலை தந்தது கடைசி வரிதான். அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உதறுகிற எஞ்சின் தரையிலேயே தன் குறையைச் சொல்லிவிடும். எடை மையத்தின் குறை மேலே போன பிறகுதான் தெரியும்.

நீங்கள் அனுப்பிய அளவுத்தாளின்படி, தூரங்களை அளக்க இறக்கையின் முன்விளிம்புதான் தொடக்கப் புள்ளி. முன்சக்கரம் அதற்கு 0.78 மீட்டர் முன்னால், பின்சக்கரங்கள் 0.72 மீட்டர் பின்னால். மொத்தம் 298 கிலோ. பின்சக்கரங்களின் 236 கிலோவை 0.72-ஆல் பெருக்கினால் 169.92. அதிலிருந்து முன்சக்கரத்தின் 62 × 0.78, அதாவது 48.36 கழிய, மீதி 121.56. இதை 298-ஆல் வகுத்தால் 0.408 மீட்டர். கையேடு தரும் எல்லை 0.35 முதல் 0.46 வரை. இதுவரை உங்கள் கணக்கு சரி.

ஆனால் இது வெறும் விமானத்தின் கணக்கு. அதில் நீங்கள் இருவரும் இல்லை, பெட்ரோலும் இல்லை. இருக்கை 0.55 மீட்டரில் இருக்கிறது. உங்கள் எடை 75, மச்சான் 70 என்று எழுதியிருக்கிறீர்கள்: 145 × 0.55 = 79.75. டேங்க் 0.60 மீட்டரில். 50 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 36 கிலோ, அது 21.6. எல்லாவற்றையும் கூட்டினால் எடை 479 கிலோ, பெருக்குத்தொகை 222.91. வகுத்தால் 0.465. பின் எல்லையைத் தாண்டிவிட்டது. இருக்கைக்குப் பின்னால் 1.20 மீட்டரில் பத்துக் கிலோ பை ஒன்றும் வைத்தால் 0.480.

நீங்கள் தனியாகப் பறந்தால் 0.451 வரும், எல்லைக்குள்தான். இதில்தான் ஆபத்து அதிகம். தனியாகப் பத்துத் தடவை நன்றாகப் பறந்து மனதில் தைரியம் வந்தபிறகு, பதினோராவது தடவை மச்சானை ஏற்றிக்கொள்வீர்கள். பின்னால் கனத்த விமானத்தில் ஸ்டிக் மிக லேசாகிவிடும். கை கொஞ்சம் அசைந்தாலும் மூக்கு எகிறும். வேகம் குறைந்து ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்தால், மூக்கு தானாகக் கீழே இறங்க மறுக்கும். சுழல ஆரம்பித்தால் மீட்பது மிகக் கடினம். முன்னால் கனத்த விமானம் இறங்கும்போது தொல்லை கொடுக்கும், ஆனால் பின்னால் கனத்தது அளவுக்கு உயிரோடு விளையாடாது.

இதற்கு வழி உங்கள் படத்திலேயே இருக்கிறது. 6 கிலோ பேட்டரியை இருக்கைக்குப் பின்னால் 1.10 மீட்டரில் பூட்டியிருக்கிறீர்கள். அதை எஞ்சினுக்குப் பின்னால் உள்ள ஃபயர்வால் தகட்டுக்குக் கொண்டுபோனால், அதாவது முன்விளிம்புக்கு 0.55 மீட்டர் முன்னால் வைத்தால், 1.65 மீட்டர் நகர்கிறது. பெருக்குத்தொகையில் 9.9 குறையும். இருவரும் முழுப் பெட்ரோலும் சேர்ந்து 0.445. நல்ல இடம். 55 கிலோ ஆள் ஒருவர், ஐந்து கிலோ பெட்ரோல் என்று போட்டுப் பார்த்தாலும் 0.405 வருகிறது, முன் எல்லைக்கும் பயமில்லை. ஆனால் பத்துக் கிலோ பையோடு சரியாக 0.460, எல்லைக் கோட்டின் மேல். இருவர் போகும்போது பின்னால் பை வேண்டாம். ஈயம் கட்டிச் சரிசெய்வது எனக்குப் பிடிக்காது. ஏற்கெனவே இருக்கும் கனத்தை நகர்த்துவதுதான் நல்லது. பேட்டரிக் கம்பியும் குறுகும்.

எடை போட்ட விதத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். மூன்று தராசு கிடைப்பது நம் ஊரில் கஷ்டமில்லை, நெல் மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் மேடைத் தராசு போதும். ஆனால் மூன்றிலும் ஒரே மூட்டையை ஏற்றி ஒரே எண் வருகிறதா என்று முதலில் பாருங்கள். கொட்டகைக் கதவைச் சாத்துங்கள். இறக்கையின் மேல் போகும் இளங்காற்றே சில கிலோவைத் தூக்கிவிடும். கையேடு காட்டும் இடத்தில் ரசமட்டத்தை வைத்து விமானத்தை மட்டமாக்கியபின் எண்ணைக் குறியுங்கள். முன்விளிம்பிலிருந்தும் சக்கர அச்சுகளிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து அளந்தால், டேப் வளைந்து வரும் பிழை இருக்காது. எஞ்சின் எண்ணெயும் கூலன்ட்டும் நிரம்பியிருக்க வேண்டும்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டாம். மேலே வழவழவென்று ஓடுகிறது என்று நீங்கள் எழுதியதால் புரொப்பல்லர் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. பிளேடுகளின் கோணம் ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் மேல் சுற்றிலும் உதறல் தெரியும். கீழே உதறி மேலே அடங்குவது, இரண்டு கார்புரேட்டரும் ஒத்துப்போகாததன் குணம். இந்த எஞ்சினில் பிங் கார்புரேட்டர் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டருக்கு. ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தாலும் அந்தப் பக்கம் தள்ளும், மறுபக்கம் இழுபடும். புரொப்பல்லர் 2.43-க்கு 1 என்ற கியர்பாக்ஸ் வழியாகச் சுற்றுவதால் அந்த உதறல் முழுவதையும் கியர்தான் வாங்குகிறது. 1,400 சுற்றுக்குக் கீழே ஓடவிடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

கார்புரேட்டரில் கை வைக்கும்முன் அதன் மிதவைகளைக் கழற்றி நிறுத்துப் பாருங்கள். பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துப்போகும் மிதவைகள் இந்தக் கார்புரேட்டரில் தெரிந்த குறை. ஒரு கார்புரேட்டரின் இரண்டு மிதவையும் சேர்ந்து 7 கிராமைத் தாண்டக் கூடாது. மன்னார்குடியில் எந்த நகைக்கடைத் தராசும் இதைச் சொல்லிவிடும். தாண்டினால் ஜோடியாக மாற்றுங்கள். கனத்த மிதவையோடு எவ்வளவு டியூன் செய்தாலும் நிற்காது.

அப்புறம் கேபிள். த்ராட்டிலை மெதுவாகத் தள்ளும்போது இரண்டு பக்கத்து நெம்புகோலும் ஒரே நொடியில் ஐடில் நிறுத்தியை விட்டு எழ வேண்டும், முழுத் திறப்பையும் ஒன்றாகத் தொட வேண்டும். இதற்கு மச்சான் காக்பிட்டில், நீங்கள் எஞ்சின் அருகே. எஞ்சின் அணைந்திருக்கட்டும், இரண்டு இக்னிஷன் சுவிட்சும் ஆஃபில் இருக்கட்டும்.

அதன் பிறகுதான் இன்டேக் குழாயின் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜ். எண்ணெய் 50 டிகிரியைத் தாண்டும்வரை எஞ்சினைச் சூடாக்கி அணையுங்கள். இரு பக்க இன்டேக் குழாய்களையும் இணைக்கும் சமன்குழாயைக் கழற்றி இரண்டு பக்கமும் கேஜ் மாட்டுங்கள். அந்தச் சமன்குழாய் இருக்கும்வரை வித்தியாசத்தை அது மறைத்துவிடும். ஐடிலில் வித்தியாசம் வந்தால் ஐடில் வேக ஸ்க்ரூவில் சரிசெய்யுங்கள். 2,500 சுற்றில் வந்தால் கேபிள் நீளத்தில். நீங்கள் கேட்ட மிக்ஸ்சர் ஸ்க்ரூ, முழுக்க மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்றுத் திறந்திருப்பதுதான் அடிப்படை அளவு. ஏற்கெனவே திருப்பியிருந்தால் அங்கே கொண்டுவந்து விட்டுவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தக் கார்புரேட்டரில் ஸ்பிரிங், த்ராட்டிலைத் திறக்கும் பக்கம் இழுக்கிறது. கேபிள் அறுந்தாலோ கழன்றாலோ எஞ்சின் அடங்காது, முழு வேகத்துக்குப் பாயும். ஆகவே சக்கரத்துக்குக் கட்டை, வாலுக்கு நல்ல கயிறு, அதைக் கட்ட அசையாத தூண். மச்சான் ஒரு கையை இக்னிஷன் சுவிட்சை விட்டு எடுக்கக் கூடாது. கேஜின் குழாய் நீளமாக இருந்தால் நீங்கள் புரொப்பல்லர் வீச்சுக்கு வெகுதூரம் பின்னால் நின்று படிக்கலாம்.

எல்லாம் ஒத்துவந்ததும் 4,000 சுற்றில் இக்னிஷனை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எந்தப் பக்கமும் 300 சுற்றுக்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் இடையே 115-க்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது.

இப்போது பெட்ரோல். 2025-இல் நம் பங்க் பெட்ரோல் 20 சதவீத எத்தனாலுக்கு வந்துவிட்டது. இந்த எஞ்சினுக்கு ரோடாக்ஸ் ஏற்பது 10 சதவீதம் வரைதான். எத்தனால் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். டெல்டாவின் ஈரக்காற்றில் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிற்கும் விமானத்துக்கு இது நல்லதல்ல. தண்ணீர் கூடினால் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், எஞ்சினுக்குப் போகும் குழாய் இருப்பதும் அங்கேதான். சில ஃபைபர் டேங்க் பிசின்களையும் ரப்பர் குழாய்களையும் அது இளக்கும். சோதிப்பது எளிது: அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி நிற்க விடுங்கள். அடியில் தண்ணீர்க் கோடு 10-இலிருந்து ஏறினால் எத்தனால் இருக்கிறது. நான் உங்களுக்குச் சொல்வது ஏவ்காஸ் 100 எல்எல் என்ற விமானப் பெட்ரோல். விலை அதிகம், டிரம்மில் வரவழைக்க வேண்டும். அதில் ஈயம் உண்டு, அதனால் எண்ணெய் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். அப்படியும் எனக்கு அதுதான் நிம்மதி.

மார்கழி காலையில் பனிமூட்டத்தோடு எஞ்சினை ஓட்டும்போது சுற்று மெல்ல மெல்லக் குறைந்தால் மறுபடி டியூன் செய்யக் கிளம்பாதீர்கள். 22 டிகிரி இருந்தாலும் ஈரக்காற்றில் கார்புரேட்டருக்குள் பனி கட்டும். கார்புரேட்டரைச் சூடாக்கும் கார்ப் ஹீட் உங்கள் கிட்டில் இல்லையென்றால் பூட்டிக்கொள்ளுங்கள்.

அறுவடை முடிந்த வயலில் "சும்மா ஒரு எட்டு" தூக்கிப் பார்க்கும் ஆசை வரும், எனக்குத் தெரியும். வேண்டாம். தஞ்சாவூரில் 2020 ஜனவரியிலிருந்து விமானப்படையின் சுகோய்-30 போர்விமானப் பிரிவு இருக்கிறது, அந்தப் பக்கம் திருச்சி விமான நிலையம். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் பதிவும் பறக்கும் அனுமதியும் இல்லாமல் சக்கரம் தரையை விடக் கூடாது. மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்கே பல வருட அலைச்சலுக்குப் பிறகு 2017-இல்தான் பதிவு கிடைத்தது. விண்ணப்பத்தை இப்போதே ஆரம்பியுங்கள், காத்திருக்கும் நேரத்தில் பேட்டரியை நகர்த்துங்கள். நகர்த்திய பிறகு மூன்று தராசையும் மறுபடி வைத்து, புது எண்களையும் மிதவைகளின் எடையையும் எழுதி அனுப்புங்கள். நானும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.