வளைவு தானாகத் திரும்புமா?

அன்புள்ள சார்,
வளர்ச்சி வந்தால் மாசும் வரும், கையில் காசு சேர்ந்த பிறகு நாடே அதைச் சுத்தம் செய்துகொள்ளும் என்று கல்லூரியில் குஸ்நெட்ஸ் வளைவைப் படித்தோம். திருப்பூர் இதற்கு நல்ல உதாரணம் இல்லையா? இன்று சாயப்பட்டறைகள் சொட்டுக் கழிவுநீரைக்கூட ஆற்றில் விடக்கூடாது.
க., கோபி

அன்புள்ள க.,

பொருளாதார அறிஞர் குஸ்நெட்ஸ் பேசியது வருமான ஏற்றத்தாழ்வைப் பற்றி; வளர்ச்சியோடு அது முதலில் ஏறி, பிறகு இறங்கும் என்றார். மாசுக்கும் அப்படியொரு வளைவு தெரிகிறது என்று 1990களின் தொடக்கத்தில் காட்டியவர்கள் கிராஸ்மன், க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள். அவர்களே அது தானாக நடக்கும் என்று சொல்லவில்லை. பாடப்புத்தகத்துக்கு வரும்போது அந்தப் பகுதி எப்படியோ உதிர்ந்துவிடுகிறது.

சரி, திருப்பூருக்கே வருவோம். பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும்; தண்ணீரில் கரைந்த சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளுவது அதுதான். வேலை முடிந்ததும் சாயம் துணியில் தங்கும், உப்பு தண்ணீரோடு போய்விடும். பழைய சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன. கரைந்த உப்பை அவற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் ஓடி, பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. கடைசியில் விவசாயிகளே அணைத் தண்ணீர் வேண்டாம் என்றார்கள்.

இத்தனைக்கும் பனியன் ஏற்றுமதி ஏறிக்கொண்டுதான் இருந்தது. காசு சேர்ந்தது மேலே, உப்பு சேர்ந்தது கீழே. பட்டறைக்காரரும் அணைப் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டு விவசாயியும் ஒரே ஆள் இல்லையே! நாட்டின் சராசரி வருமானத்தை வைத்துப் போடும் வளைவில் இந்த இரண்டு பேரும் தனித்தனியாகத் தெரிய மாட்டார்கள்.

ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவுநீரை வெளியே விடாதபடி செய்ய 2006இல் உயர் நீதிமன்றம் கெடு வைத்தது, 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காமல், 2011 ஜனவரியில் பட்டறைகளையே மூடச் சொல்லி உத்தரவு வந்தது. கூலி இழந்து ஊருக்குத் திரும்பிய தொழிலாளர்களின் கணக்கையும் இதில்தான் எழுத வேண்டும். அப்புறம் அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. ஆக, வளைவைத் திருப்பியது வழக்கும் பொதுப்பணமும்.

இப்போது ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிஞ்சுவதை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறார்கள். நல்ல உப்பும் தண்ணீரும் மறுபடி சாயத்துக்கே போகின்றன. ஆனால் ஆவியாக்க அடுப்பு எரிய வேண்டும். பிரிக்க வராத கலப்பு உப்போ மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதற்கு இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை.