கணினி அறிவியலுக்கு பி.ஏ. பட்டமா? பினாங்குத் தந்தை ஒருவரின் கேள்விக்குப் பதில்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அவருடைய மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வான எஸ்.டி.பி.எம்.-ஐ அறிவியல் பிரிவில் முடித்து, கணிதம் டி, இயற்பியல், வேதியியல் ஆகிய பாடங்களில் நல்ல தேர்ச்சி பெற்றிருக்கிறார். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலுக்கு இடம் கிடைக்கும் என்று குடும்பத்தார் எதிர்பார்த்திருந்த வேளையில், அமெரிக்காவிலுள்ள சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி (ஒரு துறையில் மட்டும் நில்லாமல் பல துறைகளையும் கற்பிக்கும் இளங்கலைக் கல்லூரி) ஒன்று செலவின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டு அவருக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் அங்கே கிடைக்கப்போவது கணினி அறிவியலில் பி.ஏ. பட்டம். “கணினி படிக்கப் போகிற பிள்ளைக்குக் கலைப் பட்டம் எதற்கு? திரும்பி வந்தால் பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாசில் யார் வேலை கொடுப்பார்கள்? மகளோ கணினியோடு மொழியியலும் தமிழ் இலக்கியமும் படிக்கலாம் என்று அங்கேதான் போக வேண்டும் என்கிறாள்,” என்பது அவருடைய கேள்வி.

ஐயா, பட்டத்தின் பெயரைக் குறித்த கவலையை முதலில் விட்டுவிடலாம். கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் மூன்றாண்டு கணினி அறிவியல் படிப்பை முடிப்பவர்கள் பி.ஏ. பட்டம்தான் பெறுகிறார்கள். ஹார்வர்டில் கணினி அறிவியலை முதன்மைப் பாடமாக எடுப்பவர்களுக்கும் அதே நிலைதான். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு வழிகள் உண்டு: பொறியியல் கல்லூரி வழியாக மின்பொறியியலும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ். எனும் அறிவியல் பட்டம்; மற்றொன்று கணினி அறிவியலில் பி.ஏ. கணினிப் பாடங்களைப் பொறுத்தவரை இரு சாராரும் ஒரே வகுப்புகளில் அமர்ந்து ஒரே தேர்வுகளை எழுதுகிறார்கள். பட்டத்துக்குப் பெயர் வைப்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் மரபு. நீங்கள் கவலையோடு பார்க்க வேண்டியது, நான்கு ஆண்டுகளின் முடிவில் மகளின் மதிப்பெண் பட்டியலில் எந்தெந்தப் பாடங்கள் இடம்பெற்றிருக்கும் என்பதைத்தான்.

அளவில் வேறுபாடு உண்டு. அதை மறைக்கக் கூடாது. மலேசியாவில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். கணினி அறிவியல் மாணவருக்கு அவற்றில் பெரும்பகுதி கணினியும் அதைச் சார்ந்த கணிதமுமாகவே அமையும், தொழிற்பயிற்சியும் படிப்புக்குள்ளேயே வந்துவிடும். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் மாணவர் பொதுவாக ஒரு பருவத்துக்கு நான்கு பாடங்கள் வீதம் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 32 பாடங்கள் படிப்பார். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 முதல் 12 பாடங்கள், முதன்மைப் பாடத்துக்குரியவை. எஞ்சியவை வரலாறு, தத்துவம், பொருளியல், மொழி, அறிவியல் என்று பரந்து கிடக்கும். ஆகவே அங்கே படிப்பவருக்கு ஒவ்வொரு கணினிப் பாடமும் அருமையானது. அதை வீணாக்க இடமில்லை.

இந்தச் சுருக்கம் கவனக்குறைவால் வந்ததன்று. சிறிய கல்லூரிகளில் கணினி அறிவியலை எப்படிக் கற்பிப்பது என்பதை ஆராய்வதற்கென்றே அமெரிக்கப் பேராசிரியர்கள் சிலர் 1980களில் ஒரு குழுவாகக் கூடி, 1986இல் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளுக்கான மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். அது 1996இலும் 2007இலும் புதுப்பிக்கப்பட்டது. அவர்களுடைய நிலைப்பாட்டின் சாரம் இதுதான்: அன்றைய சந்தையில் ஓடுகிற மென்பொருள்களைக் கற்பிப்பதை விட, காலத்தால் அழியாத கோட்பாடுகளையும் சிக்கலைத் தீர்க்கும் முறைகளையும் சில பாடங்களில் ஆழமாகக் கற்பிக்க வேண்டும். நிரல் மொழிகள் வருவதும் போவதுமாக இருக்கிற துறையில் இதை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆனால் கல்லூரி அந்தக் கோட்பாட்டை உண்மையில் நடத்திக் காட்டுகிறதா என்பதை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். மகளோடு அமர்ந்து அந்தக் கல்லூரியின் பாட விவரக் கையேட்டைத் திறந்துகொள்ளுங்கள். தரவுக் கட்டமைப்பு, டிஸ்கிரீட் கணிதம், கணினி அமைப்பு, அல்காரிதம், இயங்குதளம், கணிமைக் கோட்பாடு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். தரவுத்தளம், கணினி வலையமைப்பு, நிரல் மொழிகளின் வடிவமைப்பு, செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு மூன்றாவது வேண்டும். கையேட்டில் பெயர் இருப்பது மட்டும் போதாது. ஐந்தாறு பேராசிரியர்களே உள்ள துறைகளில் உயர்நிலைப் பாடங்களை ஆண்டு விட்டு ஆண்டு நடத்துவது வழக்கம். பாடம் நடத்துகிறவர் ஆய்வு விடுப்பில் போனால் அந்த ஆண்டும் நழுவிவிடும். எனவே கடந்த மூன்று ஆண்டுகளின் பருவவாரியான வகுப்பு அட்டவணைகளை எடுத்து, இயங்குதளப் பாடம் எத்தனை முறை நடந்தது, அல்காரிதம் ஆண்டுதோறும் நடந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் இந்த அட்டவணைகளை இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன.

இந்தப் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தவை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அறிமுகப் பாடம் முடித்தால்தான் தரவுக் கட்டமைப்பு; அதையும் டிஸ்கிரீட் கணிதத்தையும் முடித்தால்தான் அல்காரிதம்; கணினி அமைப்பு முடிந்த பிறகே இயங்குதளம். முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டின் இறுதியில் அறிவித்தால் போதும் என்று கல்லூரி சொல்லும், அது உண்மைதான். ஆனால் கணினி அறிவியலை அதுவரை தொடாமல் இருந்தவருக்கு மூன்றாம், நான்காம் ஆண்டுகள் மூச்சுமுட்டும், விருப்பப் பாடங்களுக்கு இடமே இராது. உங்கள் மகள் முதல் பருவத்திலேயே அறிமுகப் பாடத்தில் சேர்ந்துவிட வேண்டும். கணினி வகுப்புகளில் இடப் பற்றாக்குறை நிலவும் கல்லூரிகளும் உண்டு என்பதால், முதலாமாண்டு மாணவருக்கு அந்த இருக்கை உறுதியா என்று இப்போதே கேட்டுவிடுவது நல்லது. கணிதத்தில் அவருக்கு ஒரு சாதகம் இருக்கிறது: எஸ்.டி.பி.எம். கணிதம் டி பாடத்தில் நுண்கணிதத்தையும் அணிகளையும் புள்ளியியலையும் அவர் பார்த்துவிட்டார். சில கல்லூரிகள் எஸ்.டி.பி.எம். தேர்ச்சிக்குக் கிரெடிட் தருகின்றன. தராவிட்டாலும் தகுதித் தேர்வு எழுதித் தொடக்கநிலை நுண்கணிதத்தைத் தாண்டி நேரே நேரியல் இயற்கணிதத்துக்குப் போக முடியுமா என்று விசாரிக்கலாம். இன்றைய இயந்திரக் கற்றலுக்கு நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும்தான் அடித்தளம்.

மகளின் மொழியியல் ஆசையைப் பற்றி நீங்கள் சற்றுத் தயக்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு வலுவான காரணம் அதுதான். ஒரு சிறிய சோதனையைச் செய்து பாருங்கள். “பினாங்கு” என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று தமிழ்ப்பள்ளி மாணவரைக் கேட்டால், பி, னா, ங், கு என்று எண்ணி நான்கு என்பார். பைத்தான் என்னும் நிரல் மொழியில் அதே சொல்லின் நீளத்தைக் கேட்டால் எட்டு என்று விடை வரும். ஏனெனில் எழுத்துகளுக்கு எண் கொடுத்துச் சேமிக்கும் யூனிகோட் முறையில் ‘ப’ என்னும் எழுத்தும் இகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகளாகவே சேமிக்கப்படுகின்றன, புள்ளிக்கும் தனிக் குறியீடு உண்டு. யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் வடிவங்களில் ஒன்றான யுடிஎஃப்-8 கோப்பில் அந்த நான்கு எழுத்துகள் 24 பைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். தேடுதல், அகரவரிசைப்படுத்துதல், பிழைதிருத்துதல், இன்றைய செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் தமிழ்ச் சொற்களைத் துண்டு துண்டாக வெட்டிப் படிப்பது வரை எல்லாவற்றிலும் இந்த வேறுபாடு தலைகாட்டும். ஒரே வினையடியோடு காலமும் இடமும் எண்ணும் ஒட்டிக்கொண்டு நீளும் தமிழ்ச் சொல்லமைப்பை அறிந்த ஒருவரும் அல்காரிதம் அறிந்த ஒருவரும் தனித்தனியே இருந்தால் இந்த வேலை நகராது. இரண்டும் ஒருவரிடமே இருப்பது பெரும் பலம். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர்தான். 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் கோலாலம்பூரில்தான். இந்த மண்ணில் இப்படியொரு மரபு ஏற்கெனவே இருக்கிறது.

எனினும் ஓர் எச்சரிக்கை. சிறிய கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் மொழியியல் பாடங்கள் சில கிடைக்கலாம். தமிழ் இலக்கியம் கிடைக்காது. அமெரிக்காவில் தமிழ் கற்பிப்பவை பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா போன்ற பெரிய பல்கலைக்கழகங்கள். இந்தக் குறையைச் சில கல்லூரிகள் கூட்டு ஏற்பாட்டால் ஈடுசெய்கின்றன. சுவார்த்மோர், ஹேவர்ஃபோர்ட், பிரின் மார் மாணவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்க முடியும். ஆம்ஹர்ஸ்ட் மாணவர்கள் பக்கத்திலேயே உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்க முடியும். தமிழுக்கு மட்டுமின்றி, சொந்தக் கல்லூரியில் நடக்காத உயர்நிலைக் கணினிப் பாடங்களுக்கும் இந்த வழி உதவும். உங்கள் மகளுக்கு இடம் கொடுத்த கல்லூரி அத்தகைய கூட்டமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தமிழ் இலக்கியத்துக்காக அங்கே போவதாக அவர் எண்ணிக்கொண்டிருப்பது சரியாகாது. அந்த நோக்கத்துக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை எவ்வளவோ மேல்.

பாயான் லெப்பாசுக்கு வருவோம். இன்டெல் நிறுவனம் 1972இல் அங்கே தொழிற்சாலை அமைத்த காலந்தொட்டு, பினாங்கில் நல்ல வேலை என்றாலே சில்லு உற்பத்தியும் மின்னணுவியலும்தான் நம் மனத்தில் எழும். உங்கள் மகளின் நாட்டம் சில்லு வடிவமைப்பிலும் மின்சுற்றிலும் இருந்தால், லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியின் கணினி பி.ஏ. அதற்கு ஏற்ற பாதையன்று. மின்னணுப் பொறியியல் பட்டமே வேண்டும், பொறியாளராகப் பதிவு பெறவும் அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் படிப்பு தேவை. மூன்றாண்டு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியிலும் இரண்டாண்டு கொலம்பியா போன்ற பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவிலும் படித்து இரு பட்டம் பெறும் வழி உண்டென்றாலும், பிந்தைய இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தொடரும் என்ற உறுதி வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடைப்பது அரிது. மாறாக, மென்பொருள் உருவாக்கம், தரவு அறிவியல், மொழித் தொழில்நுட்பம் ஆகியவற்றில் நாட்டம் என்றால் தடையில்லை. மலேசியாவில் மென்பொருள் உருவாக்குநராகப் பணியாற்ற எந்த வாரியத்திலும் பதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டம் இல்லை. சுயவிவரத்தில் “கணினி அறிவியல்” என்பதை முன்னிறுத்தி, படித்த முக்கியப் பாடங்களையும் செய்த திட்டப்பணிகளையும் எழுதினால், வேலைக்கு எடுப்பவர் பார்ப்பது அவற்றைத்தான். அரசுப் பணி மனத்தில் இருந்தால் மட்டும், அந்தக் கல்லூரியின் பட்டம் பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ.வின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று சேர்வதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மேற்படிப்பு வேறு கதை. ஜெர்மனி போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்கள் முதுகலைக்கு விண்ணப்பிப்பவர் இளங்கலையில் எத்தனை கணினிப் பாடங்கள் படித்தார் என்பதை நுணுக்கமாக ஒப்பிட்டுப் பார்க்கும். பத்துப் பாடங்களோடு நிறுத்திக்கொண்டவர் அங்கே தடுமாறலாம். அந்த வாசலைத் திறந்து வைக்க விரும்பினால் கூடுதலாக மூன்று நான்கு கணினிப் பாடங்களும் போதிய கணிதமும் எடுத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் படிப்பு முடிந்தபின் சிறிது காலம் பணியாற்ற எண்ணினால், எஃப்-1 மாணவர் விசாவில் ஓ.பி.டி. எனப்படும் 12 மாதப் பணிக்காலம் உண்டு, அறிவியல் தொழில்நுட்பத் துறைகளுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. நீட்டிப்பைத் தீர்மானிப்பது பி.ஏ.வா பி.எஸ்.ஸா என்பதன்று, முதன்மைப் பாடத்துக்குக் கல்லூரி பதிவு செய்திருக்கும், பாடத்துறைகளை வகைப்படுத்தும் சி.ஐ.பி. குறியீடு. கணினி அறிவியலுக்கு உரிய 11.0701 நீட்டிப்புக்குத் தகுதியான துறைகளின் பட்டியலில் உள்ளது. கணினியையும் மொழியியலையும் கலந்து கல்லூரி புதுப் பெயரில் நடத்தும் பாடமாக இருந்தால், அதற்கு எந்தக் குறியீடு என்று கேட்டே ஆக வேண்டும். தொழிற்பயிற்சி பாடத்திட்டத்தில் இல்லாததால், கோடை விடுமுறையில் அதை மகளே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கான விசா அனுமதி பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்த பிறகே கிடைக்கும்.

செலவைப் பொறுத்தவரை, அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். உள்நாட்டுக் கல்விக்கே உரியது, வெளிநாட்டுக்கு உதவாது. ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். ஆனால் உங்கள் ஓய்வுக்காலப் பணத்தில் கைவைக்குமுன், கல்லூரி கொடுத்த உதவித்தொகைக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். நான்கு ஆண்டுக்கும் உறுதியா, குறிப்பிட்ட மதிப்பெண் நிபந்தனை உண்டா, கட்டணம் உயர்ந்தால் உதவியும் உயருமா, மருத்துவக் காப்புறுதியும் விடுமுறைக்காலத் தங்குமிடமும் அதில் அடங்குமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்று மழுப்பலாக இருந்து, பாட அட்டவணையும் மெலிந்திருந்தால், தயங்காமல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே கணினி அறிவியல் நிறைவாகக் கிடைக்கும், மொழியியலைத் துணைப் பாடமாக எடுக்க வாய்ப்புண்டா என்று துறையில் கேட்கலாம். கடிதம் தெளிவாக இருந்து, இயங்குதளமும் அல்காரிதமும் ஆண்டு தவறாமல் நடக்கும் கல்லூரி என்றால், மகளை அனுப்புங்கள்.

முடிவெடுக்குமுன் அந்தக் கல்லூரியின் கணினித் துறைத் தலைவருக்கு மகளையே ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். அடுத்த நான்கு ஆண்டுகளில் எந்த உயர்நிலைப் பாடங்கள் எப்போது நடக்கும், கணினியையும் மொழியியலையும் சேர்த்துப் படித்த மாணவர்கள் இறுதியாண்டில் என்ன திட்டப்பணி செய்தார்கள் என்று அவர் கேட்கட்டும். சிறிய கல்லூரியில் இத்தகைய கடிதத்துக்குப் பேராசிரியரே நேரில் பதில் எழுதுவது வழக்கம். பதில் வராமலே போனாலோ பொதுப்படையான விளம்பர வாசகமாக வந்தாலோ, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.