ஒட்டி முடித்த ஸ்பிட்ஃபயர் மாடல் பொம்மைபோல் தெரிகிறது. நிஜ விமானம்போல் வர என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் மார்க் 1 வகையை, 1/48 அளவில் (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) ஒட்டி முடித்திருக்கிறீர்கள். மூட்டுகளில் இடைவெளி இல்லை, வண்ணமும் ஒழுங்காக வந்திருக்கிறது. ஆனாலும் அலமாரியில் வைத்தால் பொம்மையாகத்தான் தெரிகிறது. அடுத்த கிட்டுக்குப் பித்தளைத் தகட்டுப் பாகங்கள், ரெசினில் வார்த்த காக்பிட் (ஓட்டுநர் அறை) எல்லாம் வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது என்றுதான் சொல்வேன். நானும் ஆரம்பத்தில் அப்படி நம்பி, கிடைத்த கூடுதல் பாகங்களையெல்லாம் வாங்கி ஒட்டினேன். பாகங்கள் கூடின, பொம்மைத்தனம் குறையவில்லை. மாடலில் இருக்கும் ஒவ்வொரு கோடும் கறையும் நிஜ விமானத்தில் எதனால் வந்தது, யார் கைபட்டு வந்தது என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் மாற்றம் தெரிந்தது. காரணம் தெரிந்த கறையைப் பூசும்போது கை தானாகவே சரியான இடத்துக்குப் போகிறது.

அதற்கு முதல் படி, 48-ஆல் பெருக்கிப் பார்ப்பது. மார்க் 1-இன் இறக்கை நீளம் 11.23 மீட்டர். உங்கள் மேசையில் அது 23.4 செ.மீ. அப்படியானால் மாடலில் 1 மி.மீ. இடைவெளி விட்டால் நிஜத்தில் அது 4.8 செ.மீ., விரல்களை உள்ளே விடலாம். இறக்கையின் பின்விளிம்பு கிட்டில் அரை மில்லிமீட்டர் தடிமனாக இருக்கும். நிஜத்தில் அது 2.4 செ.மீ. தடித்த பலகை ஆகிவிடும். நிஜ இறக்கை அங்கே கத்திபோல் மெலிந்திருக்கும். இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன் உட்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து அந்த விளிம்பை மெலிய வையுங்கள். இதற்குக் காசு செலவில்லை. ஆனால் பித்தளைத் தகடு எதுவும் தராத மாற்றத்தை இது தரும். வெளியேற்றுக் குழாய்களின் வாயும் துப்பாக்கிக் குழல்களின் நுனியும் அப்படித்தான். அரை மில்லிமீட்டர் துளைக்கருவியைக் கையால் உருட்டித் துளையிட்டால் போதும். அடைபட்ட குழாயைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

இதே கணக்கை பேனல் கோடுகளுக்கும், அதாவது தகடுகள் சேரும் இடத்துக் கோடுகளுக்கும், போட்டுப் பாருங்கள். மாடலில் கால் மில்லிமீட்டர் அகலக் கோடு நிஜத்தில் 1.2 செ.மீ. பள்ளம். பறக்கும் விமானத்தின் தோலில் அப்படியொரு பள்ளம் கிடையாது, தகடுகள் நெருங்கிப் பொருந்தியிருக்கும். பல மாடல்களில் எல்லாக் கோட்டிலும் கறுப்பு வாஷ் (மிகவும் நீர்த்த வண்ணம்) ஊற்றி, விமானத்தை ஓடு பதித்த தரைபோல ஆக்கிவிடுகிறார்கள். நானும் பல மாடல்களை அப்படிக் கெடுத்திருக்கிறேன். இப்போது அடிவண்ணத்தைவிடக் கொஞ்சம் மட்டும் கருத்த பழுப்போ சாம்பலோ எடுக்கிறேன். அதையும் நிஜத்தில் அடிக்கடி திறந்து மூடிய தகடுகளைச் சுற்றி மட்டும் சற்று அழுத்தமாக விடுகிறேன். எஞ்சின் மூடிகள், துப்பாக்கி அறை மூடிகள், அசையும் பாகங்களின் கீல் பக்கம், அவ்வளவுதான். மற்ற கோடுகள் இருப்பதே தெரியாமல் இருக்கட்டும்.

ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) விஷயத்தில் ஒரு கதை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பிட்ஃபயரின் தொடக்க காலத்தில் தோலோடு சமமாக அமரும் ரிவெட்டுகளை அடிப்பது செலவும் நேரமும் பிடித்த வேலை. எங்கெல்லாம் அது உண்மையிலேயே தேவை, எங்கெல்லாம் மலிவான குமிழ்த்தலை ரிவெட் போதும் என்று பார்க்க, உடைத்த பட்டாணியை ஒவ்வொரு ரிவெட்டின் மேலும் பசையால் ஒட்டிப் பறக்கவிட்டார்கள். எல்லா இடத்திலும் பட்டாணி ஒட்டியபோது உச்ச வேகம் மணிக்கு 22 மைல், அதாவது சுமார் 35 கி.மீ. குறைந்தது. பிறகு வரிசை வரிசையாக எடுத்துப் பார்த்து முடிவு செய்தார்கள். இறக்கை வழவழப்பாக இருந்தாக வேண்டும், உடலின் பின்பகுதியில் குமிழ் இருந்தாலும் பாதகமில்லை. இது தெரிந்த பிறகு மாடலின் இறக்கை முழுக்க ரிவெட் குழிகளைப் பதிக்கும் சக்கரத்தை ஓட்டி ஆழமாகக் குத்த மனம் வராது. அமெரிக்கப் போர் விமானமான முஸ்டாங் இன்னும் ஒரு படி மேலே. அதன் இறக்கையின் முன்பகுதியில் ரிவெட்டுகளையும் தகட்டு மூட்டுகளையும் தொழிற்சாலையிலேயே புட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, வெள்ளிவண்ணம் பூசினார்கள். அந்த மாடலைக் கட்டுகிறவர் நுணுக்கம் சேர்க்க நினைத்தால் கிட்டில் இருக்கும் கோடுகளை அடைக்க வேண்டும். பளபளக்கும் உலோக நிறம் உடலுக்கு, இறக்கைக்கு வெள்ளிப் பெயின்ட்.

அடுத்தது காக்பிட். அங்கே எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும், ஏனென்றால் பார்க்கிறவர் கண் முதலில் போவது அங்கேதான். ஸ்பிட்ஃபயரின் காக்பிட்டில் தட்டையான தரை கிடையாது. பாதம் வைக்கத் தடம்போல் இரண்டு தாங்கிகள் இருக்கும், அவற்றுக்குக் கீழே விமானத்தின் வயிறுவரை வெற்றிடம்தான். ஆகவே இருக்கைக்குக் கீழே நிழல் இருந்தாக வேண்டும், அங்கே அடர்ந்த வாஷ் ஊற்றலாம். உட்புறத்துக்குச் சாம்பல் கலந்த பச்சை. பல ஸ்பிட்ஃபயர்களில் இருக்கை மட்டும் செம்பழுப்பு நிறம், பேக்கலைட் வகைப் பொருளில் செய்து வண்ணமடிக்காமல் விட்டது. பச்சைக்கு நடுவே அந்தச் செம்பழுப்பு தெரியும்போதே காக்பிட்டுக்கு உயிர் வந்துவிடும்.

இருக்கைப் பட்டையை மாஸ்கிங் டேப்பில் நீங்களே வெட்டலாம். நிஜப் பட்டை ஏறக்குறைய 5 செ.மீ. அகலம், உங்கள் அளவில் 1 மி.மீ. அக்காலத்து சட்டன் பட்டையில் வரிசையாகத் துளைகள் உண்டு. ஊசிமுனையால் ஒரு சொட்டுக் கருநிறம் வைத்தால் துளையாகத் தெரியும். ஆள் இறங்கிப்போன இருக்கையில் பட்டை எப்படிக் கிடக்குமோ அப்படித் தளர்வாக, ஒன்று இருக்கை விளிம்பைத் தாண்டித் தொங்குமாறு விடுங்கள். இரண்டும் ஒரே அளவில் நேராகக் கிடந்தால் யாரோ அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். கருவிப்பலகையில் வட்டக் கருவிகள் ஒவ்வொன்றிலும் பளபளப்பு வார்னிஷ் ஒரு துளி விட்டால் கண்ணாடி ஆகிவிடும். கட்டுப்பாட்டுத் தண்டின் மேல் இருக்கும் வட்டப் பிடியைக் கொஞ்சம் மெலியச் செதுக்குங்கள், கிட்டில் அது எப்போதும் தடிமன்தான்.

சரி, இப்போது விமானம் நிற்கும் நிலை. பொம்மைத்தனத்துக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கருத்து. ஓட்டுநர் இல்லாமல் தரையில் நிற்கும் ஸ்பிட்ஃபயரின் எலிவேட்டர்கள் (வாலில் மேலும் கீழும் அசையும் பரப்புகள்) தம் எடையாலேயே கீழே சாய்ந்திருக்கும், கட்டுப்பாட்டுத் தண்டும் முன்னால் சரிந்திருக்கும். பழைய படங்களைப் பார்த்தால் தெரியும். கிட்டிலோ எல்லாம் நேர்க்கோட்டில் வார்க்கப்பட்டிருக்கும். கீல் கோட்டில் கத்தியால் பலமுறை மெல்லக் கீறிப் பிரித்து, சற்றுச் சாய்த்து ஒட்டுங்கள். ஃபிளாப்புகளை (இறக்கையின் பின்பக்கம் கீழிறங்கும் தகடுகள்) மட்டும் இறக்காதீர்கள். இறக்கிய ஃபிளாப்பின் உள்ளே விலா எலும்புகள் அழகாகத் தெரியும் என்று பலர் அதற்காகவே தனிப் பாகம் வாங்குகிறார்கள். ஆனால் ஸ்பிட்ஃபயரின் ஃபிளாப்புக்கு மேலே, முழுக்கக் கீழே என்று இரண்டு நிலைகள்தான். தரையிறங்கியதும் ஓட்டுநர் அதை ஏற்றிவிட்டுத்தான் விமானத்தை ஓட்டிக்கொண்டு நிறுத்துமிடம் போவார். இறக்கித்தான் காட்டுவேன் என்றால், அப்போது இறக்கையின் மேற்புறத்தில் நிமிர்ந்து நிற்கும் சின்னக் கதவையும் செய்தாக வேண்டும்.

தேய்மானத்துக்கு வருகிறேன். முன்கூட்டியே ஒன்றை முடிவு செய்யுங்கள்: எந்த விமானம், எந்த மாதம்? 1940 ஜூன் வாக்கில்தான் அடிப்பக்கத்துக்கு ஸ்கை என்ற வெளிர்பச்சை வந்தது. அதற்கு முன் பல போர் விமானங்களின் அடிப்பக்கம் ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வெள்ளை. மாதம் தெரியாமல் வண்ணம் வாங்கவே முடியாது. முடிந்தால் ஒரே ஒரு நிஜ விமானத்தின் போர்க்காலப் படத்தை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். இன்று பறக்கும் மறுசீரமைத்த விமானங்களிலிருந்து வடிவத்தை எடுக்கலாம். அவற்றின் பளபளப்பையும் சுத்தத்தையும் எடுக்க வேண்டாம்.

அப்புறம், அந்த விமானத்தைச் சுற்றி நடந்த மனிதர்களை நினையுங்கள். ஸ்பிட்ஃபயரின் கதவு இடது பக்கம். ஓட்டுநரும் தரைப்பணியாளரும் இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் கால்வைத்துத்தான் ஏறினார்கள். ஆகவே அங்கே வண்ணம் உரிந்து உலோகம் தெரியும், சேறும் இருக்கும். வலது பக்கம் அவ்வளவு இருக்காது. பெட்ரோல் தொட்டி ஓட்டுநருக்கு முன்னால், 85 கேலன். நிரப்பும்போது சிந்தியது கண்ணாடிக்கு முன்னே கறையாக வழியும். இறக்கையில் துப்பாக்கி மூடிகளைத் திருகித் திறந்த இடங்களில் சின்னச் சின்ன உரசல்கள் வரும். எஞ்சின் எண்ணெய் வயிற்றுப் பக்கமாகப் பின்னோக்கி ஓடும். வெளியேற்றுக் குழாய்ப் புகை காற்று போகிற போக்கில் உடலை ஒட்டி நீளும், நெருக்கத்தில் கருமை, போகப்போகச் சாம்பல். ஸ்பான்ஜ் துண்டை இடுக்கியில் பிடித்து, வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு, தொட்டுத் தொட்டு எடுத்தால் உரிதல் இயல்பாக வரும்.

ஆனால் எதன்மேல் உரிக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். ஸ்பிட்ஃபயரின் வால் சுக்கான் துணியால் மூடியது. அதே காலத்து ஹரிக்கேன் போர் விமானத்தில் உடலின் பின்பாதி முழுக்கத் துணிதான். அங்கே வெள்ளி உலோகம் தெரிவதுபோல் தீட்டியிருக்கும் மாடலைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். எவ்வளவோ உழைத்தவர் இந்த ஒரு செய்தியைத் தேடாமல் விட்டுவிட்டாரே என்று.

மார்க் 1-இல் எட்டு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள். குழல்களுக்குள் தூசியும் ஈரமும் புகாமல், மேலே போகும்போது உறையாமல் இருக்க, துளைகளின் மேல் சிவப்புத் துணித்துண்டு ஒட்டுவார்கள். சுட்டதும் அது கிழிந்துபோகும். திரும்பி வரும் விமானத்தில் துணி கிழிந்திருந்தால் சண்டை நடந்திருக்கிறது என்று தரையில் நிற்பவர்களுக்குப் புரிந்துவிடும். உங்கள் மாடலில் இந்த எட்டுச் சிவப்புத் துண்டுகளும் முழுசாக இருந்தால் அது புறப்படக் காத்திருக்கும் விமானம், அடிப்பக்கத்தில் துப்பாக்கிப் புகைக்கோடு போடக் கூடாது. கிழித்துவிட்டால் போடலாம். முழுத் துண்டுகளும் புகைக்கோடும் சேர்ந்து வரக் கூடாது.

வண்ணம், டெகால் (நீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படலம்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். பாகங்களைச் சோப்புநீரில் கழுவிக் காயவைத்து, பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிட்டு ஆரம்பியுங்கள். வண்ணம் பால்போல் நீர்த்திருக்கட்டும், ஏர்பிரஷ் அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ போதும். லாக்கர் வண்ணம் என்றால் முகமூடியும் காற்றோட்டமும் கட்டாயம். டெகாலுக்கு முன் பளபளப்பு வார்னிஷ் அடிக்காவிட்டால் சொரசொரப்பான பரப்பில் காற்று சிக்கி, படலம் வெள்ளியாக மின்னும். காக்பிட் கண்ணாடியை சூப்பர் குளூவால் ஒட்டவே வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியை வெண்மையாக மங்கச் செய்துவிடும். மூன்று வாரம் உழைத்த காக்பிட் ஒன்றை நான் அப்படி இழந்தேன். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையே போதும்.

இப்போது அலமாரியில் இருக்கும் அந்த மாடலைக் கைவிட வேண்டாம். வெளியேற்றுக் குழாய்களைத் துளையிடலாம், எலிவேட்டரைச் சாய்க்கலாம், சிவப்புத் துணித்துண்டுகளை டெகால் காகிதத்தில் வெட்டி ஒட்டலாம், இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தைத் தேய்க்கலாம். இவையெல்லாம் முடிந்ததும் மட் வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு. ஏரியல் கம்பியைக் கடைசியில் வையுங்கள், முன்பே வைத்தால் கை பட்டு அறுந்துகொண்டே இருக்கும். மெல்லிய எலாஸ்டிக் நூல் நல்லது, தெரியாமல் பட்டாலும் தாங்கும். ஆனால் கட்டுவதற்கு முன் உங்கள் விமானத்தின் மாதத்தை மறுபடி பாருங்கள். பழைய ரேடியோ இருந்தவரைதான் ஏரியல் கம்பத்திலிருந்து சுக்கான் உச்சிக்குக் கம்பி போனது. விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) ரேடியோ வந்த விமானங்களில் கம்பம் மட்டும் நிற்கும், அந்தக் கம்பி இருக்காது.