பழைய நகர மையத்தைப் புதுப்பிக்க அரசும் தனியாரும் கூட்டுச் சேர்வது பலன் தருமா?

தரும், ஆனால் போட்ட பணம் திரும்பாமல் போகும் ஆபத்தை முதலில் அரசே ஏற்க வேண்டும் என்பதற்கு ஈக்வடாரின் தலைநகர் கீட்டோ நல்ல சான்று. 1978-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அதன் பழைய நகரம், 1987 நிலநடுக்கத்தில் சேதமடைந்ததோடு, வசதி படைத்தவர்கள் வடக்கே குடிபெயர்ந்துவிட்டதால், தனியார் எவரும் துணிந்து பணம் போடாத இடமாகியிருந்தது. 1990-களின் நடுவில் மாநகராட்சி, அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன், பொதுப் பணமும் தனியார் பணமும் சேர்ந்த கலப்பு மூலதன நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. ஒரு வீட்டின் உரிமையாளர் சிதைந்த தம் கட்டடத்தையே பங்காக வைக்க முடிந்தது. நிறுவனம் பணம் போட்டுச் சீரமைத்தது. விற்றுவந்த தொகை பங்கின்படி பிரிந்ததும், நிறுவனத்தின் பணம் அடுத்த கட்டடத்துக்குப் போனது.

என் பார்வையில், சுவர்களைச் சீரமைத்ததைவிடக் கடினமான வேலை, இப்பியாலெஸ் தெருவையும் சுற்றுப்புறத்தையும் நிறைத்திருந்த நடைபாதை வியாபாரிகளுடன் நீண்ட காலம் பேசி, 2003-இல் அவர்களை வணிக வளாகங்களுக்கு மாற்றியதுதான். இது தனியார் முதலீட்டாளரால் ஆகக்கூடிய காரியமன்று.

இருந்தும் பழைய நகரில் குடியிருப்போர் தொகை தொடர்ந்து குறைந்தே வந்தது. உணவகமும் தங்கும் விடுதியும் தரும் இலாபத்தைக் குறைந்த வாடகை வீடுகள் தருவதில்லை. ஆகவே அங்கேயே வாழ்ந்துவந்த ஏழைக் குடும்பங்களுக்கான வீடுகளை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக எழுதிவிடுவது மிக அவசியம்.